2009ஆம் ஆண்டுப் பையன்கள்

2009 ஜூன் 26ஆம் திகதி இரவு, மொன்றியல் பெல் சென்ரர் அரங்கில் முப்பது பையன்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்பட்டன. வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கான என்.எச்.எல்லில் அப்போது முப்பது அணிகள் இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் கோடை பிறக்கும்போது அவை பதினெட்டு வயதை ஒட்டிய ஐஸ் ஹொக்கி ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். ட்ராப்ட் என்று அதற்குப் பெயர். அன்றிரவு முதலில் அழைக்கப்பட்டவர் ஜோன் டவாரெஸ். அவரை எடுத்தது நியூயோர்க் ஐலண்டர்ஸ். இரண்டாவது சுவீடன்காரர் விக்டர் ஹெட்மன். மூன்றாவது மற் டுஷேன். எங்கள் ஊர் அணியான ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் ஏழாவது இடத்தில் நாசெம் காட்ரியை எடுத்தது. எட்டாவதாக டாலஸ் ஸ்டார்ஸ் எடுத்தவர் ஸ்கொற் கிளெனி. கோட்டும் டையுமாக வந்த பையன்கள் மேடையேறி, கோட்டைக் கழற்றி, அணியின் சட்டையை மாட்டிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்து படத்துக்கு நின்றார்கள்.

கிளெனி என்.எச்.எல்லில் ஆடியது ஒரேயொரு ஆட்டம். டவாரெஸும் டுஷேனும் பதினாறாவது பருவத்திலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2024-25இல், முப்பத்து நான்கு வயதில், டவாரெஸ் 38 கோல்களோடு 74 புள்ளிகள் எடுத்தார். டுஷேன் 82 எடுத்தார். கோல் அடித்தால் ஒரு புள்ளி, அடிப்பவருக்குப் பக்கைக் கொடுத்து உதவினாலும் ஒரு புள்ளி என்பது கணக்கு. பக் என்பது பந்துக்குப் பதிலாகப் பனித்தளத்தில் வழுக்கி ஓடும் கறுப்பு ரப்பர் வட்டு. அதே பருவத்தில் சிகாகோவின் கொனர் பெடார்ட் எடுத்தது 67. அவர் 2023 ட்ராப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர், தலைமுறைக்கு ஒருவர் என்று கொண்டாடப்பட்டவர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

2024 கோடையில் பெடார்டைக் கொடுத்துவிட்டு டுஷேனை வாங்க யாராவது முன்வந்திருந்தால், எந்தப் பென்டசி லீக்கிலும் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சு எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்பதைப் பல குளிர்காலங்களாக யோசித்துவருகிறேன்.

பென்டசி என்றதும் நம்மவர்களுக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். காலையில் பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்தால் இரவில் கணக்கு முடிந்துவிடும். கனடாவில் ஹொக்கியை வைத்து ஆடும் கீப்பர் லீக் வேறுவகை. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்வோம். ஆளுக்கொரு அணி. செப்டெம்பரில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, உண்மையான ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுப்போம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 82 ஆட்டங்களில் அவர்கள் அடிக்கும் கோல், செய்யும் உதவி, கோலை நோக்கி அடித்த அடி, எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயில் எடுத்த புள்ளி எல்லாம் நம் கணக்கில் ஏறும். பருவம் முடிந்தாலும் அணி கலையாது. சிலரை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம், சிலரை விடவேண்டும். அந்த இடத்தில்தான் காலம் இந்த ஆட்டத்துக்குள் நுழைகிறது. ஒரு நாள் ஆட்டத்தில் வயதுக்கு வேலையில்லை. வைத்துக்கொள்வது, விடுவது என்று வந்துவிட்டால் எல்லோரும் முதலில் பார்ப்பது வயதைத்தான்.

நான் சொல்ல வருவது இது: எங்கள் லீக்குகளில் இளையவர்களின் விலை அளவுக்கு மீறி ஏறிவிட்டது, மூத்தவர்களின் விலை அநியாயமாக இறங்கிவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஆட்டத்தைப் பார்க்கவேண்டிய கண்ணால் பிறந்த ஆண்டைப் பார்க்கிறோம்.

பதினெட்டு வயதுப் பையனிடம் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அவன் இன்னும் தோற்கவில்லை. அவனைப் பற்றி இருப்பதெல்லாம் ஜூனியர் லீக்கில் அடித்த கோல்களும் ஒளித்துண்டுகளும்தான். மிச்சத்தை நாம் நிரப்பிக்கொள்கிறோம். அப்படி நிரப்பும்போது யாரும் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. காயம், மூன்றாவது லைனில் கழியும் குளிர்காலம், நம்பாத பயிற்சியாளர், கைகூடாமலே போகும் உடல்வலு இவை ஒன்றும் அந்தக் கற்பனையில் வராது. முப்பத்து நான்கு வயதுக்காரரிடம் நிரப்ப இடமில்லை. அவருக்குப் பதினைந்து ஆண்டுக் கணக்கு இருக்கிறது. அதில் கெட்ட ஆண்டுகளும் இருக்கின்றன. டுஷேனை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-21இல் நாஷ்வில் அணிக்காக 34 ஆட்டங்களில் 13 புள்ளிகள் மட்டும். வயது முப்பது. ஆள் முடிந்துவிட்டார் என்றார்கள். அடுத்த பருவத்தில் 43 கோல்கள், 86 புள்ளிகள். 2023 கோடையில் நாஷ்வில் அவருடைய ஒப்பந்தத்தை இடையிலேயே தீர்த்து வெளியே அனுப்பியது. மறுபடியும் முடிந்துவிட்டார் என்றார்கள். டாலஸ் ஆண்டுக்கு முப்பது இலட்சம் டொலருக்கு அவரை எடுத்தது. முதல் பருவத்தில் 65, அடுத்ததில் 82. இவ்வளவும் எல்லோர் கண்ணெதிரே நடந்தது. இருந்தும் ஒவ்வொரு செப்டெம்பரிலும் அவர் பெயர் பட்டியலின் கீழே கிடந்தது.

இளமைமேல் இவ்வளவு மோகம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், அது இரவல் வாங்கிய அறிவு என்பது தெரியவரும். உண்மையான அணியின் பொது மேலாளர் இளையவர்களை விரும்புவதற்குக் கணக்கு இருக்கிறது. 2005 முதல் என்.எச்.எல்லில் சம்பள உச்சவரம்பு உண்டு. ட்ராப்டில் எடுத்த பதினெட்டு வயதுப் பையன் முதல் மூன்று ஆண்டுகள் மிகக் குறைந்த சம்பளத்தில் ஆடியே ஆகவேண்டும். அதற்குப் பிறகும் இருபத்தேழு வயதுவரை, அல்லது ஏழு பருவங்கள் முடியும்வரை, அவனால் நினைத்த அணிக்குப் போக முடியாது. ஆக, மேலாளருக்கு இளமை மலிவு. நாஷ்வில் டுஷேனோடு போட்ட ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு ஐந்து கோடியே அறுபது இலட்சம் டொலர். அந்தச் சுமைதான் அவரை வெளியே தள்ளியது. அவருடைய கைகள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. எங்கள் லீக்குகள் பெரும்பாலானவற்றில் சம்பளம் என்ற ஒன்றே கிடையாது. நாங்கள் யாருக்கும் ஒரு சதம் கொடுப்பதில்லை. மலிவு என்ற காரணத்தை எடுத்துவிட்டால் மேலாளரின் இளமை விருப்பத்தில் பாதி உதிர்ந்துவிடும். நாங்களோ முழுவதையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். மேலாளருக்கு மலிவாகக் கிடைக்கும் சரக்கை நாங்கள் மிக உயர்ந்த விலை கொடுத்து வாங்குகிறோம்.

எங்கள் லீக்கில் ஒரு அண்ணை இருக்கிறார். எண்பதுகளின் கடைசியில் ஸ்காபரோவுக்கு வந்தவர். அவருடைய அணியில் முப்பத்து மூன்றுக்குக் கீழே ஆட்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். 2021 செப்டெம்பரில் ஒரு ரிம் ஹோர்ட்டன்ஸ் கடையில் எங்கள் ட்ராப்ட் நடந்தது. அந்தக் கடைக்குப் பெயர் தந்த ரிம் ஹோர்ட்டனே மேப்பிள் லீவ்ஸின் பின்கள வீரர். 1974இல் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அப்போதும் பஃபலோ அணிக்காக என்.எச்.எல்லில் ஆடிக்கொண்டிருந்தார். அன்றைய ட்ராப்டில் அண்ணை ஜோ பவெல்ஸ்கியின் பெயரைச் சொன்னதும், இங்கேயே பிறந்து வளர்ந்த பையன் ஒருவன் பதறிவிட்டான்.

“அங்கிள், அவருக்கு முப்பத்தேழு வயசு. அடுத்த வருசம் விட்டிடுவார்.”

“விடட்டும். இந்த வருசம் ஆடுறார்தானே? நீர் ஆளின்ரை வயசைப் பாக்கிறீர் தம்பி. நான் அவர் எங்க நிக்கிறார் எண்டு பாக்கிறன்.”

அந்தப் பருவத்தில் பவெல்ஸ்கி 81 புள்ளிகள் எடுத்தார். அவருடைய வாழ்நாளிலேயே அதுதான் அதிகம். 2003 ட்ராப்டில் ஏழாவது சுற்றில், 205ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர்.

எங்கே நிற்கிறார் என்று அண்ணை சொன்னதில் மொத்த விசயமும் இருக்கிறது. பவர் பிளே நடக்கும்போது பார்க்கவேண்டும். எதிரணியில் ஒருவர் தண்டனைப் பெட்டியில் இருப்பதால் ஐந்து பேருக்கு நான்கு பேர். பக் நீலக்கோட்டருகில் ஒரு பின்கள வீரரிடம் இருக்கிறது. பவெல்ஸ்கி கோலுக்கு முன்னால், கோல்காப்பாளரின் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கிறார். முதுகில் எதிரணி ஆளின் தடி, விலாவில் முழங்கை. அவர் கால்கள் அகன்றிருக்கின்றன, ஸ்ரிக்கின் அலகு பனியைத் தொட்டபடி இருக்கிறது. மணிக்கு நூற்றைம்பது கிலோமீற்றர் வேகத்தில் அடி வருகிறது. அவர் அதை அடிப்பதில்லை. அலகை ஒரு விரற்கடை சாய்க்கிறார், அவ்வளவுதான். பக்கின் திசை மாறுகிறது. கோல்காப்பாளர் ஏற்கெனவே மறுபக்கம் விழுந்துவிட்டார். இதற்கு வேகமான கால் தேவையில்லை. பக் எந்த உயரத்தில் வரும், அடிப்பவரின் தோள் எப்போது திரும்பும், காப்பாளர் எந்த முழங்காலை முதலில் இறக்குவார் என்பதெல்லாம் தெரியவேண்டும். பத்தாயிரம் தடவை பார்த்தவருக்கே அது தெரியும். ஐலண்டர்ஸை விட்டு ரொறன்ரோவுக்கு வந்துவிட்ட டவாரெஸும் இதே வேலையைத்தான் இன்று செய்கிறார். சனிக்கிழமை இரவு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தால் பக்கைப் பின்தொடர வேண்டாம். ஐந்து நிமிடம் அவரை மட்டும் பாருங்கள். இளம் ஆட்டக்காரர்கள் வட்டமடித்து ஓடும்போது அவர் மெதுவாக வந்து, இன்னும் பக் வராத ஓர் இடத்தில் நின்றுகொள்வார். பக் பிறகு அங்கே வரும்.

கால் முதலில் போகிறது. கை அதற்குப் பல ஆண்டுகள் கழித்துப் போகிறது. கண் கடைசிவரை போவதில்லை. வயது வளைகோடு என்று எல்லோரும் காட்டும் வரைபடம் இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. முன்கள வீரர்கள் இருபதுகளின் நடுவில் உச்சம் தொட்டு முப்பதுக்குப் பிறகு இறங்குகிறார்கள் என்று அது சொல்வது சராசரிக்குப் பொருந்தும்; அதில் எனக்கு மறுப்பில்லை. ஓட்டத்தை நம்பி ஆடியவர் முப்பத்தொன்றில் விழுவார். இடத்தை நம்பி ஆடியவர் முப்பத்தேழில் எழுவார். இந்த இரண்டு பேரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் எண்ணுக்கு உரிய மனிதன் எங்கும் இல்லை. முப்பத்தைந்து வயதில் என்.எச்.எல்லில் மிஞ்சியிருப்பவர்கள் சல்லடையில் தங்கியவர்கள். சராசரி ஆட்டக்காரன் அந்த வயதில் வீட்டில் இருக்கிறான்.

மூத்தவர்கள் விழுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. விழுகிறார்கள், சிலவேளை ஒரே கோடையில். ஆனால் விழுவதற்கு முன் அடையாளம் தெரியும். கோல் எண்ணிக்கையில் அது தெரியாது. கோல் அதிர்ஷ்டத்தோடு ஏறி இறங்கும். கோலை நோக்கி அடிக்கும் அடிகள் குறைகின்றனவா, முதல் பவர் பிளே அணியிலிருந்து இரண்டாவதற்கு இறக்கப்பட்டாரா, யாரோடு சேர்த்து ஆடவிடுகிறார்கள் என்று பார்க்கவேண்டும். 2023-24இல் வாஷிங்ரனின் அலெக்ஸாண்டர் ஒவெச்கின் பாதிப் பருவம் கடந்தபோது பத்துக் கோல்கூட அடித்திருக்கவில்லை. எங்கள் லீக்கில் அவரைக் கைவிடச் சொன்னவர்கள் பலர். ஆனால் அவர் அடிப்பதை நிறுத்தவில்லை. பவர் பிளேயில் இடப்பக்க வட்டத்தில் அவருடைய இடமும் போகவில்லை. பருவத்தை 31 கோல்களோடு முடித்தார். அடுத்த பருவத்தில், 2024 நவம்பரில் கால் எலும்பு முறிந்து 16 ஆட்டங்கள் வெளியே இருந்தார். டிசம்பர் 28ஆம் திகதி இங்கே ரொறன்ரோவில்தான் திரும்பி வந்தார்; வந்த அன்றே கோல் அடித்தார். 2025 ஏப்ரல் 6ஆம் திகதி தன்னுடைய 895ஆவது கோலோடு வேய்ன் கிரெட்ஸ்கியின் சாதனையைத் தாண்டினார். அந்தப் பருவத்தில் 65 ஆட்டங்களில் 44 கோல்கள். வயது முப்பத்தொன்பது.

மறுபக்கத்தில், வயது நல்ல பருவத்தில் இருந்தும் விழுந்தவர்களை யாரும் பேசுவதில்லை. ஜொனதன் ஹுபெர்டோ 2021-22இல் புளோரிடாவில் 115 புள்ளிகள் எடுத்தபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. அடுத்த கோடையில் அவரைக் கல்கரிக்கு மாற்றினார்கள். அங்கே 55. ஒரே ஆண்டில் உடல் பாதியாகிவிடாது. கூட ஆடியவர்கள் மாறினார்கள், ஆட்டமுறை மாறியது. ஜொனதன் சீச்சூவின் கதை இன்னும் கடுமை. வட ஒன்ராறியோவின் மூஸ் ஃபாக்டரியிலிருந்து, க்ரீ பழங்குடி மக்களிடையே இருந்து வந்தவர். 2005 நவம்பர் இறுதியில் ஜோ தோர்ன்ரனை சான் ஹோசே அணி வாங்கியது. தோர்ன்ரன் பக்கைக் கொடுக்கக் கொடுக்க சீச்சூ அடித்தார்; அந்தப் பருவத்தில் 56 கோல்கள், லீக்கிலேயே அதிகம். வயது இருபத்தைந்து. பென்டசிக்காரர் கனவு காணும் வயது அது. மூன்று பருவங்கள் கழித்து 12 கோல்கள். அவரைப் பத்தாண்டு முதலீடு என்று எடுத்தவர்களுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. கொடுத்த தோர்ன்ரனோ முப்பத்தாறு வயதில், 2015-16இல், 82 புள்ளிகள் எடுத்துக்கொண்டிருந்தார்.

தோர்ன்ரனையே இளையவர்களுக்காகவும் பேச அழைக்கலாம். 1997 ட்ராப்டில் முதலாவது ஆள் அவர். பொஸ்ரனில் முதல் பருவத்தில் 55 ஆட்டங்கள் ஆடி எடுத்தது 7 புள்ளிகள். ஏழு. இன்றைய லீக் ஒன்றில் அந்தப் பையனை யாராவது இரண்டாவது ஆண்டுக்கு வைத்திருப்பார்களா? செடீன் இரட்டையர் 1999இல் இரண்டாவதும் மூன்றாவதுமாக எடுக்கப்பட்டவர்கள். எழுபது புள்ளிகளைத் தொட அவர்களுக்கு இருபத்தைந்து வயது ஆனது. பிறகு 2009-10இல் ஹென்றிக்கும் 2010-11இல் டானியலும் லீக்கின் முதல் புள்ளிக்காரர்கள். அவர்களுக்கு முன்னால் முதலாவதாக எடுக்கப்பட்ட பற்றிக் ஸ்ரெஃபானின் மொத்த வாழ்நாளே 188 புள்ளிகள். ஜக் ஹியூஸ் 2019இல் முதலாவது. முதல் பருவம் 21 புள்ளிகள், நான்காவது பருவம் 99. நிகிற்றா குச்செரோவ் 2011இல் 58ஆவது. 2023-24இல் 144 புள்ளிகள். பென்டசி வழிகாட்டி எழுதும் டாரில் டொப்ஸ் ஒரு விதி வைத்திருக்கிறார்: சராசரி உடல்வாகுள்ள முன்கள வீரன் விரிவதற்கு ஏறத்தாழ 200 ஆட்டங்கள் வேண்டும், மிகப் பெரிய உடம்போ சிறிய உடம்போ ஆனால் 400. விதிவிலக்குகள் இருக்கட்டும். இரண்டரைப் பருவத்துக்கு முன் ஒருவனை எடைபோடாதே என்று அது சொல்லும் புத்திமதி நல்லது.

எங்கள் லீக்குகள் செய்வது இதற்கு நேர்மாறு. ஜூன் மாதத்துப் பையனுக்கு மலையளவு விலை கொடுக்கிறோம். இரண்டாவது டிசம்பரில் அவனைத் தோல்வி என்று பேர்சொல்லித் தூக்கியெறிகிறோம். 2020இல் முதலாவதாக வந்த அலெக்ஸி லஃப்ரெனியேரை நியூயோர்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது. அந்த அணியின் இடப்பக்கத்தில் ஏற்கெனவே பெரிய ஆட்கள் இருந்தார்கள். பவர் பிளேயில் அவருக்கு இடமில்லை. பெருந்தொற்றுக் காலத்துக் குறும்பருவத்தில் 56 ஆட்டங்களில் 21 புள்ளிகள். அதற்காகப் பத்தொன்பது வயதுப் பையனைப் பற்றிப் பெரியவர்கள் எழுதியதையும் பேசியதையும் நினைத்தால் இப்போதும் மனம் கசக்கிறது. அவனுக்கு நிமிடங்களை யாரும் கொடுக்கவில்லை. கொடுக்காத நிமிடங்களில் அடிக்காத கோல்களுக்கு அவனைக் குற்றவாளியாக்கினார்கள். இருபத்திரண்டு வயதில், 2023-24இல், 28 கோல்கள் அடித்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இளையவர்களுக்குக் கொடுக்கும் அதிக விலைக்கும் அவர்கள்மேல் காட்டும் கொடுமைக்கும் வேர் ஒன்றே. அளவுக்கு மீறிக் கொடுத்தவன்தான் அளவுக்கு மீறிக் கோபிக்கிறான்.

ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் அரைமணி நேரத்தில் ஓஷவா. ஓஷவா ஜெனரல்ஸ் அங்கத்தைய ஜூனியர் அணி. பதினாறு முதல் இருபது வயதுவரையான பையன்கள் ஆடுவார்கள். ரொறன்ரோவில் ஓர் ஆட்டம் பார்க்கக் கொடுக்கும் காசின் சிறு பங்குதான் நுழைவுச் சீட்டு. பென்டசி ஆடுபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அங்கே போகவேண்டும். ஆட்டம் முடிந்ததும் பையன்கள் ஈரத்தலையோடு பெரிய பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். பெற்றோர் காத்து நிற்பார்கள். தாய் ஒருத்தி மகனின் வீங்கிய உதட்டைத் திருப்பிப் பார்ப்பாள். முகத்தில் பரு. கழுத்தில் இன்னும் தசை ஏறவில்லை. நாம் பட்டியலில் நான்காம் இடம், ஒன்பதாம் இடம் என்று எழுதிவைத்திருப்பது இவர்களைத்தான். பக்கத்து ஆசனங்களில் அணிகளின் ஆளெடுப்பாளர்கள் குறிப்பெடுப்பதைப் பார்க்கலாம். வாழ்நாள் முழுதும் இதையே தொழிலாகச் செய்பவர்கள் அவர்கள். அவர்கள்தான் கிளெனியை எட்டாவதாகவும், பின்னாளில் 2019 ஸ்ரான்லி கிண்ணத் தொடரில் சிறந்த ஆட்டக்காரரான ரையன் ஓ'றைலியை 33ஆவதாகவும் அதே 2009இல் எடுத்தவர்கள். அவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். பதினெட்டு வயதில் ஒரு மனிதனை அளப்பது அவ்வளவு கடினம்.

டவாரெஸ் இந்த ஓஷவாவில்தான் ஆடினார். 2005இல், பதினைந்து வயது நிரம்பும் முன்பே, அவரை ஜூனியர் லீக்கில் சேர்ப்பதற்காக விதியையே தளர்த்தினார்கள். விதிவிலக்கான ஆட்டக்காரர் என்ற தகுதியை முதன்முதலில் பெற்றவர் அவரே. 2006-07இல், பதினாறு வயதில் 72 கோல்கள். கிரெட்ஸ்கி அதே வயதில் அடித்தது 70. எந்த இளையவரின்மேலும் அவர்மேல் இருந்ததைவிட அதிக எதிர்பார்ப்பு இருந்திருக்க முடியாது. அந்த எதிர்பார்ப்பை அவர் பெருமளவுக்கு நிறைவேற்றவும் செய்தார். 2014-15இல் ஒரே புள்ளியில் லீக்கின் முதலிடத்தைத் தவறவிட்டார். 2018இல் சொந்த ஊருக்கு வந்து 47 கோல்கள் அடித்தார். பிறகு சம்பளம் கூடிப்போயிற்று, கால் மெதுவாயிற்று என்ற பேச்சு தொடங்கியது. 2024 ஓகஸ்டில் அணித்தலைமை ஒஸ்ரன் மத்யூஸுக்குப் போனது. இங்குள்ள பலர் அத்தோடு டவாரெஸின் கணக்கை மூடிவிட்டார்கள். அதற்கு அடுத்த பருவத்தில்தான் நான் மேலே சொன்ன 38 கோல்கள். பதினாறு வயதில் வானளாவ உயர்த்தப்பட்டவரும் முப்பத்து நான்கு வயதில் பட்டியலின் கீழே தள்ளப்பட்டவரும் ஒரே ஆள்தான்.

இளையவரை எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். கொனர் மக்டேவிட் போன்ற ஒருவர் வந்தால் வாதமே இல்லை. முதல் பருவத்தில் கழுத்தெலும்பு முறிந்தும் 45 ஆட்டங்களில் 48 புள்ளிகள். அப்படிப்பட்டவர்கள் அரிது. பெடார்டும் பத்தாண்டுக் கணக்கில் டுஷேனைத் தாண்டி வெகுதூரம் போவார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பத்தாண்டு நிலைத்த லீக் எத்தனை? வேலை மாறுகிறது, கலியாணம் நடக்கிறது, பிள்ளை பிறக்கிறது, ஒருவர் கல்கரிக்குக் குடிபெயர்கிறார், இருவர் கோபித்துக்கொள்கிறார்கள். ஐந்தாம் ஆண்டில் வரப்போகும் புள்ளிகளுக்காக இந்த ஆண்டின் புள்ளிகளைக் கொடுப்பவர், ஐந்தாம் ஆண்டில் தன் லீக் இருக்குமா என்று கேட்பதில்லை. கோல்காப்பாளர்கள் விசயத்தில் நிலைமை இன்னும் மோசம். 2000இல் முதலாவதாக எடுக்கப்பட்டு, பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் பெற்ற ரிக் டிபியெற்றோவை காயங்கள் தின்றன. 217ஆவதாக எடுக்கப்பட்ட ரிம் தோமஸ் முப்பத்தேழு வயதில், 2011இல், ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றார்.

அடுத்த செப்டெம்பரில் ட்ராப்ட் மேசையில் உட்காரும் நண்பர்களிடம் கேட்பது இதுதான். உங்கள் பட்டியலில் வயது என்ற நிரலை முதலில் மறைத்துவிடுங்கள். எத்தனை நிமிடம் ஆடுகிறார், முதல் பவர் பிளே அணியில் இருக்கிறாரா, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை முறை கோலை நோக்கி அடிக்கிறார், பக்கத்தில் யார் என்று பாருங்கள். முடிந்தால் இரண்டு ஆட்டம் அவரை மட்டும் பாருங்கள். அதன் பிறகு வயதைத் திறந்து பாருங்கள். ஒரு பையனை எடுத்தீர்களானால் 200 ஆட்டம் முடியும்வரை அவனைப் பற்றி வாய்திறக்காதீர்கள். அந்தப் பொறுமை இல்லையென்றால் அவனை எடுக்காதீர்கள், வேறு யாராவது எடுக்கட்டும். பதினெட்டு வயதுக்காரரா முப்பத்து நான்கு வயதுக்காரரா என்று மனம் இழுபட்டு, நிமிடங்களும் அடிகளும் மூத்தவர் பக்கம் நின்றால், மூத்தவரை எடுங்கள்.